மேயப் போன மெடல்

வெல்வெட் டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். சத்தம் வரவில்லை. திறந்தாள். மெடல் இருக்க வேண்டிய பள்ளம், பல் விழுந்த ஈறு மாதிரி காலியாக இருந்தது.

டிரங்குப் பெட்டியில் இருந்ததையெல்லாம் அள்ளித் தரையில் போட்டாள். அப்பாவின் ராணுவச் சட்டை, தோல் வெடித்த பூட்ஸ், அந்துருண்டைகள், அம்மாவின் மூக்குக்கண்ணாடி. சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தாள். பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முன்னறையில் அப்பா கட்டிலில் கிடந்தார். விடியும் நேரத்தில் போன உயிர். வாசலில் வாடகை நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்காரர்கள் மரியாதை செய்ய மதியம் வருகிறார்கள். மெடலை மட்டும் தயாராக எடுத்து வையுங்கள் என்று சங்கச் செயலாளர் போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

"அண்ணே!" என்றாள். அழுது கரகரத்த குரலில் அது அதட்டலாகத்தான் வந்தது.

அண்ணன் வந்து கதவருகே நின்றான். டிராக்டர் பட்டறை வைத்திருப்பவன். அப்பா செத்த அன்றும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"மெடல் எங்க?"

"டப்பாவுலதானே இருக்கும்."

"டப்பா இருக்கு, மெடல் இல்ல. இத்தனை நாளும் பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான், இப்பதானே உனக்குக் குடுத்தேன். அப்பாதானே சொன்னாரு, வலத்தன் வர்ற வரைக்கும் பூட்டை அவுக்காதீங்கன்னு. நீயும்தானே பக்கத்துல நின்ன?"

நின்றாள்தான். படுக்கையில் விழுந்த பிறகு அப்பா தெளிவாகச் சொன்னது அது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் முனகல். ஏரில் பூட்டுகிற ஜோடியில், பின்னால் மேழியைப் பிடித்து நடப்பவனுக்கு இடக்கைப் பக்கம் நிற்கும் மாடு இடத்தன், வலக்கைப் பக்கம் நிற்பது வலத்தன். அண்ணன் முதல் டிராக்டரைக் கொண்டுவந்த வருஷமே கடைசி ஜோடியை விற்றாயிற்று. கிழவர் மாட்டை நினைத்துப் பிதற்றுகிறார் என்றுதான் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"பூட்டைத் தொறக்காதேன்னா பெட்டிப் பூட்டு. அவுக்காதேன்னா அது ஏர்ப்பூட்டு. மாட்டை நுகத்துலருந்து அவுக்கறது. அப்பா மாட்டைச் சொன்னாரு, நீ பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்ட. நல்லாருக்குண்ணே கதை."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"உன்னையும்" என்றாள்.

அண்ணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் அந்தப் பெட்டிப் பக்கம் போயே எவ்வளவோ நாளாச்சு. மேல இருக்கற தூசியைக் கேட்டுப் பாரு, சொல்லும்."

தூசியைத்தான் அவள் முதலில் பார்த்திருந்தாள். பெட்டியின் மேல்பக்கம் அடையாகப் படிந்திருந்தது. விளிம்பில் மட்டும் அவளுடைய விரல் தடம். சமீபத்தில் யாரும் திறக்கவில்லை. அப்படியானால் மெடல் காணாமல் போனது அப்பா நடமாடிக்கொண்டிருந்த காலத்தில். அப்போது இரண்டே வழிதான். அண்ணன் எடுத்திருக்க வேண்டும். பழைய காசு, பழைய பதக்கம் எல்லாம் சேர்க்கிற ஓர் ஆளை ஒருமுறை வீட்டுக்கே கூட்டிவந்தவன் அவன். இல்லையென்றால் அப்பாவே எங்கோ கொடுத்திருக்க வேண்டும். அண்ணன் எடுத்தான் என்று நினைத்தபோது கோபம் வந்தது. அப்பா கொடுத்தார் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் போலீஸ்காரி. வைத்தது அப்பா. பார்ப்பது என்னவோ பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கேயும் அவள் அப்படித்தான். ஒவ்வொரு படத்திலும் இடதா வலதா என்று காட்ட ஈயத்தில் ஓர் எழுத்து வைக்க வேண்டும். வைத்துவிட்டு நோயாளியிடம் எந்தக் கால் வலிக்கிறது என்று கேட்பாள், தொட்டுக் காட்டச் சொல்லுவாள், மறுபடியும் கேட்பாள். எழுத்து மாறினால் நல்ல காலைக் கிழித்துவிடுவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தாலும் அவள் கையில் இதுவரை ஒரு படமும் பக்கம் மாறியதில்லை.

அந்தக் கண் அப்பா மேலும் சிறு வயதிலிருந்தே இருந்தது. ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் காட்ட மெடலைக் கேட்டாள். சட்டையில் குத்தியே அனுப்பினார். மறுவருஷமும் கேட்டாள். "மெடல் மேயப் போயிருக்கு" என்றார். புரண்டு புரண்டு அழுதாள். டப்பாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. அதற்கடுத்த வருஷம் கேட்காமலே எடுத்துக் காட்டினார். அறுப்பு முடிந்து களம் காலியானதும் வருஷா வருஷம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிப் போவார். எங்கே என்று கேட்டால், "கூட இருந்தவனைப் பார்க்க." யார் அவர், ஏன் இங்கே வருவதில்லை, ஒரு கல்யாணத்துக்காவது கூப்பிடக் கூடாதா? துண்டை மறுபடியும் ஒரு உதறு உதறுவார். வேறு எங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது என்று அம்மா முடிவே செய்துவிட்டாள். அந்தச் சந்தேகத்தை விடாமல் வைத்திருந்தே செத்தும் போனாள். அப்பா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

அவள் முன்னறைக்கு வந்தாள்.

கட்டிலின் வலப்பக்கம், அப்பாவின் வலது தோளை ஒட்டி, அந்தப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே வந்துவிட்டவர். சொந்தக்காரர்களுக்கே போன் போகாத நேரம். தெருமுனையில் நின்று நாற்காலி வண்டியைப் பார்த்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், நேராக உள்ளே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. பையின் வாயைச் சுற்றித் துண்டுக் கயிறு ஒன்று இறுகக் கட்டியிருந்தது. அண்ணி டீ கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கையைக்கூட எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு கையும் பை மேல்தான்.

யார் வீட்டுச் சாவில் யார் இப்படிப் பையை அணைத்துக்கொண்டு உட்காருவார்கள்?

"பெரியவரே, நீங்க யாருன்னு தெரியலையே" என்றாள்.

"உங்கப்பன்கூட பட்டாளத்துல இருந்தவன்."

"அப்பா போனது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க வந்தப்ப நாங்க யாருக்குமே சொல்லலையே."

"தெரியாதும்மா. உடம்பு முடியலைன்னு தெரியும். பாத்துட்டுப் போலாம்னு மொதப் பஸ்ஸுக்குக் கெளம்பினேன். இங்க வந்து நாற்காலியைப் பாத்தேன்." கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "கடைசில எதாவது சொன்னானா?"

"என்ன சொல்லணும்?"

அவர் அவளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிற பார்வை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடரியில் கைவைத்துத் தள்ளலாம் போல இருந்தது.

"பையில என்ன?"

"போலீஸ்காரி நீதானா?" என்றார் பெரியவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வீட்டுக்குள் புழங்குகிற பெயர். ஆஸ்பத்திரியில்கூடத் தெரியாது.

"இங்க வேணாம்மா. கொல்லைப்பக்கம் வா" என்று எழுந்தார். பையோடுதான் எழுந்தார்.

கொல்லையில் அண்ணனின் பழைய டிராக்டர் ஒன்று சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. பெரியவர் அதன் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சமையலறை ஜன்னலில் அண்ணியின் நிழல் அசைந்ததையும் கவனித்துக்கொண்டாள்.

"சங்கத்துல மெடலைக் கேக்குறாங்களா?"

"ஆமா. அது காணோம்."

"காணாமப் போகல. போன வருசத்துலருந்து எங்கிட்ட இருக்கு." பையைத் தட்டினார்.

"உங்ககிட்ட ஏன் இருக்கணும்? அது அப்பாவோடது."

"அதைத்தான் அடிச்சுச் சொல்ல முடியாது."

இத்தனை வருஷம் மூலையில் உட்கார்ந்திருந்த சந்தேகம் எழுந்து நின்றுவிட்டது. அப்பா அடுத்தவன் மெடலைக் குத்திக்கொண்டவரா? அந்த மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றாளே! அம்மா நினைத்ததுபோல வேறு குடும்பமே இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"சொல்லுங்க" என்றாள். "முழுசாச் சொல்லுங்க."

பெரியவர் தரையில் கிடந்த இரண்டு ஓட்டுச் சில்லுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு மெஷின்கன்னுக்கு ரெண்டு பேரு. பின்னால படுத்துக்கணும். உங்கப்பன் இடப்பக்கம், குண்டுப் பட்டையை ஊட்டி விடுவான். நான் வலப்பக்கம், சுடுவேன். ரெண்டு பேருமே ஏர் ஓட்டின வீட்டுப் பசங்க. ஜோடியா வேற இருக்கோம். அவனை இடத்தன்னேன், என்னை வலத்தன்னான். கொஞ்ச நாள்ல மொத்தப் பேரும் அப்படித்தான் கூப்புட்டாங்க. சொந்தப் பேரு மறந்தே போச்சு."

வலத்தன் வர்ற வரைக்கும். அப்பாவின் குரல் அவள் காதுக்குள் கேட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நாடகம் ஆடுகிறவர்கள் இப்படித்தான் ஒன்றிரண்டு நிஜத்தைக் கலப்பார்கள்.

"சண்டை மும்முரமா இருக்கறப்ப புதுசா ஒரு ஹவில்தார் வந்தாரு. அவரும் மாட்டுக்காரர் வீடுதான். ஆனா அவங்க வீட்டுல ஏர் ஓட்டல, பாரவண்டி. செங்குத்தான மேட்டுல மாடு தயங்கும்ல, அப்ப மாட்டுக்கு முன்னால நின்னு மூக்கணாங்கயித்தைப் புடிச்சு இழுக்கறவங்க. அவங்களுக்கு மாட்டோட மூஞ்சிதான் தெரியும். முன்னாலருந்து பாத்து அவங்க கைக்கு எது இடமோ அதுதான் இடத்தன். உனக்குப் புரியுதா?"

புரிந்தது. அவளுக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? நோயாளியின் இடது நெஞ்சு, படத்தில் பார்க்கிறவருக்கு வலது கைப்பக்கம் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

"அப்ப அவருக்கு நீங்கதான் இடத்தன்" என்றாள் மெல்ல.

"அதேதான். எங்களைப் பாத்து நின்னுக்கிட்டு, 'டேய் இடத்தா'ம்பாரு. ரெண்டு பேரும் திரும்புவோம். சிரிப்புத்தான். திருத்தணும்னு யாருக்குத் தோணுச்சு? திருத்தறதுக்குள்ள அந்த நாளு வந்துருச்சு."

ஒரு வாய்க்கால் கரை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு. பின்னால் உழுது போட்ட வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம் இல்லை. எல்லோரும் கடந்து போகும்வரை மெஷின்கன் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஹவில்தாருக்குத் தொடையிலும் முகத்திலும் அடி. ஒருவன் அவரைத் தூக்க வேண்டும், ஒருவன் துப்பாக்கியோடு இருக்க வேண்டும். அப்பா தூக்கினார். பெரியவர் இருந்தார். குண்டு தீர்ந்ததும் எதிரிகள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். செத்துவிட்டான் என்றே இந்தப் பக்கம் நினைத்தார்கள்.

"ஹவில்தார் ஆஸ்பத்திரியில கண்ணுல கட்டோட கெடந்து, பெரிய ஆபீசர் கையைப் புடிச்சுச் சொன்னாராம். இடத்தன் இல்லேன்னா இன்னிக்கு ஒருத்தனும் இல்ல, இடத்தனுக்குக் குடுங்கன்னு. அவ்வளவுதான். மறுபடி கேக்கறதுக்கு அவரு உயிரோட இல்ல. இடத்தன் யாருன்னு வந்து விசாரிச்சாங்க. எல்லாரும் உங்கப்பனைக் காட்டினாங்க."

"அவரு நெனச்சது உங்களையா, அப்பாவையா?"

"அதான் தெரியாதே. தூக்கிட்டுப் போனவனையும் சொல்லிருக்கலாம், நின்னவனையும் சொல்லிருக்கலாம். எங்க வழக்கப்படி சொன்னாரா, அவரு வழக்கப்படி சொன்னாரா? யாரைப் போய்க் கேக்குறது?"

"அப்பா வாங்கிக்கிட்டாரே."

"குத்தி விட்டுட்டாங்கம்மா. அப்ப நான் செத்தவன். செத்தவன் பேரைச் சொன்னா, பைத்தியம் பிடிச்சிருச்சும்பாங்க. நான் விடுதலையாகி வீடு வந்து சேர்ந்தப்புறம் ஒருநாள் இந்த மெடலோட வந்து நின்னான். இது உன்னுது, ஹவில்தார் சொன்னது உன்னைத்தான்னான். நீ தூக்கிட்டு ஓடுனியேடா, உன்னுதுன்னேன். அது பயத்துல ஓடுன ஓட்டம்டான்னான். நான் மட்டும் தைரியத்துலயா இருந்தேன்? காலு மரத்துப் போயி எந்திரிக்க முடியல. அதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறான். ராப்பகலா சண்டை. கைகலப்பு வரைக்கும் போயிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கடைசில எங்கம்மாதான் தீத்து வச்சா. ஒத்தை மாடு வச்சிருக்கறவங்க ரெண்டு பேரு என்ன செய்வாங்க? ஜோடி சேத்து, ஒரு நாளு உன் காடு, ஒரு நாளு என் காடுன்னு ஓட்ட மாட்டாங்களா? அப்படி வச்சுக்கங்கடான்னா. அன்னிலருந்து ஒரு வருசம் அவன்கிட்ட, ஒரு வருசம் எங்கிட்ட. அறுப்பு முடிஞ்சு அவன் வருவான். அவன் முறைன்னா எடுத்துட்டுப் போவான், என் முறைன்னா குடுத்துட்டுப் போவான். இந்த வருசம் அவன் முறை. வரலன்னதும் உடம்பு முடியலைன்னு புரிஞ்சுது. நான் கொண்டாந்தேன்."

கதை நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. எந்தக் கால் வலிக்கிறது என்று மறுபடியும் கேட்கிற அந்தப் பழக்கம் விடவில்லை.

"மெடல் வீட்டுல இல்லாத வருசம் நான் கேட்டா அப்பா ஒரு பதில் சொல்லுவாரு. அது என்னன்னு தெரியுமா?"

பெரியவர் யோசிக்கவே இல்லை. "மேயப் போயிருக்கும்பான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். எம்மக கேட்டா நானும் அதைத்தான் சொல்லுவேன்."

அவள் அப்படியே அவர் எதிரில் உட்கார்ந்தாள். புடவையில் டிராக்டர் எண்ணெய் பட்டது. அப்பா செத்தார் என்று காலையில் அழுதது வேறு. இப்போது வந்த அழுகை வேறு. இந்த மனுஷன் மேல் இத்தனை வருஷம் எதையெதையோ சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? அம்மா கடைசி வரைக்கும்..."

"சொன்னா வெளிய வரும். வெளிய வந்தா விசாரணைம்பாங்க. ரெண்டு பேருக்கும் இல்லன்னு புடுங்கிட்டுப் போயிட்டா, அந்த ஹவில்தார் சொன்ன சொல்லு போச்சே. அதான் பயம்." பெரியவரின் முகம் முதல் தடவையாக இளகியது. "உங்கம்மா என்னை ஒரு பொம்பளைன்னு நெனச்சிட்டிருந்தாங்களாமே? வந்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எப்படிடி இருக்கேம்பான் என்னைப் பாத்து."

சிரித்துக்கொண்டே இருந்தவர் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சங்கத்துக்காரர்கள் வந்தபோது முன்னறை நிரம்பிவிட்டது. செயலாளர் மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையில் வந்திருந்தார். கொடியை விரித்து அப்பாவின் இடுப்புவரை போர்த்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குண்டு மழையில் சக வீரர்களின் உயிரைக் காத்த மாவீரர் என்று ஆரம்பித்தார். அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மெடல்?" என்று கையை நீட்டினார் செயலாளர்.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள்தான் முன்னால் வந்தாள்.

"இருக்கு. இவரு குத்துவாரு."

"இவர் யாரு? சங்கத்துல பாத்ததில்லையே." செயலாளரின் கண் பெரியவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தது, துணிப்பையில் வந்து நின்றது. காலையில் தன் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எங்க பெரியப்பா" என்றாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அண்ணியின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பெரியவர் பையின் வாயில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளி, பல்லால் கடித்து இழுத்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. வலத்தன் வந்தாயிற்று, அப்பா சொன்ன பூட்டை அவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மெடல் துடைத்துத் துடைத்து விளிம்பு மழுங்கிப்போயிருந்தது. பெரியவர் கட்டிலின் எதிரே, அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றார். குனிந்து ஊக்கைத் திறந்து, சட்டையில் குத்தினார். வலப்பக்கம். காலையில் அவர் ஒட்டி உட்கார்ந்திருந்த, அப்பாவின் வலது நெஞ்சு.

"ஐயா, பக்கம் மாறிருச்சு" என்றார் செயலாளர். "மெடல் இடது நெஞ்சுலதான் குத்தணும்."

பெரியவரின் கை நின்றுவிட்டது. தன் கையைப் பார்த்தார், அப்பாவின் நெஞ்சைப் பார்த்தார். எது எந்தப் பக்கம் என்று அவருக்கே பிடிபடவில்லை. செயலாளர் ஊக்கைக் கழற்றக் குனிந்தார்.

அவள் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"இடதுதான் சார்" என்றாள். "இந்தப் பக்கம் வந்து நின்னு பாருங்க."

செயலாளர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து பெரியவரின் பக்கத்தில் நின்றார். நின்று பார்த்தார். கையைத் தூக்கி சல்யூட் வைத்தார்.

பெரியவர் துணிப்பையை நான்காக மடித்தார். அவிழ்த்த கயிறு இன்னும் கையில் இருந்தது. அதைக் கட்ட ஒன்றும் இல்லாததால், விரலில் சுற்றிச் சுற்றிச் சின்ன வளையமாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.